கிளட்ச் மாற்றப் போகிறீர்களா? ஃப்ளைவீலையும் பாருங்கள்

கேள்வி: மேட்டில் லோடுடன் ஏறும்போது இன்ஜின் சத்தம்தான் கூடுகிறது, டீசல் பிக்கப் வண்டி வேகமெடுக்க மாட்டேன் என்கிறது. கிளட்ச் தேய்ந்துவிட்டதா?

பதில்: பெரும்பாலும் ஆமாம். சமதளத்தில் டாப் கியரில், குறைந்த ஆர்பிஎம்மில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். ஆர்பிஎம் முள் எகிறியும் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. ஒரு தடவை பார்த்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கும் கிளட்ச் பிளேட்டும் கருகிவிடும். இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்க்‌ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல் கசிந்து, பிளேட்டில் எண்ணெய் பட்டாலும் இப்படித்தான் இருக்கும். சீலைச் சரிசெய்யாமல் புது கிளட்ச் போட்டால் அதுவும் அதே கதிதான்.

கேள்வி: மெக்கானிக் ஃப்ளைவீலையும் மாற்றச் சொல்கிறார். அவசியமா?

பதில்: ஃப்ளைவீல் என்பது இன்ஜின் சுழற்றும் கனத்த சக்கரம், கிளட்ச் பிளேட் இதன்மேல்தான் அழுந்திப் பிடிக்கும். மாற்றணுமா என்பது எந்த வகை என்பதைப் பொறுத்தது. ஒரே துண்டான சிங்கிள் மாஸ் என்றால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். பிளேட் உரசும் முகத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். நீலம் பாய்ந்த திட்டுகள் தெரிந்தால், அந்த இடம் சூட்டில் இறுகிக் கடினமாகியிருக்கும். லேத்தில் கடைந்தால் டூல் அதன்மேல் துள்ளி, மேடு அப்படியே நின்றுவிடும், கிரைண்டிங்தான் சரி. முகத்தைச் சுற்றிப் படி வைத்த ஃப்ளைவீல் என்றால், முகத்தில் எடுத்த அளவையே படியிலும் எடுக்கணும். இல்லாவிட்டால் கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் அழுத்தம் மாறிவிடும். தயாரிப்பாளர் சொன்ன குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே இறங்கவே கூடாது. ஆழமான விரிசல் இருந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

டூயல் மாஸ் வேறு சங்கதி. இரண்டு பாகங்கள், நடுவில் வளைந்த ஸ்பிரிங்குகள். பொதுவாக இதைக் கிரைண்ட் செய்வதில்லை. வெளிப் பாகத்தைக் கையால் இடமும் வலமும் திருப்பி ஆட்டத்தைப் பாருங்கள், முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள், கிரீஸ் வெளியே வழிந்திருக்கிறதா பாருங்கள். ஆட்டம் எல்லையை நெருங்கியிருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். கியர்பாக்ஸை இறக்குவதுதான் பெரிய வேலை. அதை இரண்டு தடவை செய்வானேன்? பெடலை மிதிக்கும்போது கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்குக்கும் இதே நியாயம் உண்டு.

கேள்வி: டூயல் மாஸை எடுத்துவிட்டு சிங்கிள் மாஸ் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் எதை இழக்கிறீர்கள் என்று தெரிந்து போடுங்கள். டீசலில் சிலிண்டர் ஒவ்வொன்றும் எரியும்போது கிராங்க்‌ஷாஃப்டுக்கு ஓர் உதை விழும். அதை வாங்கிக்கொள்ளத்தான் அந்த ஸ்பிரிங்குகள். மாற்றிய பிறகு கிளட்ச் பிளேட்டின் நடுவிலுள்ள சின்ன ஸ்பிரிங்குகள் அந்த வேலையைச் செய்யணும். அவை அசையும் தூரம் குறைவு. அதனால் ஐடிலில் கியர்பாக்ஸ் கடகடக்கும், கியர்பாக்ஸுக்குப் போகும் அதிர்வும் கூடும். சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள முடியும் என்றால், உங்கள் இன்ஜினுக்கென்றே விற்கும் முழு செட்டை வாங்குங்கள். ஃப்ளைவீல் ஒரு பக்கம், பிளேட் வேறொரு பக்கம் என்று கலக்க வேண்டாம்.

கேள்வி: ட்யூனிங் செய்த வண்டி. டிரெய்லரும் இழுப்பேன். செராமிக் பிளேட் நல்லதா?

பதில்: என் வோட்டு ஆர்கானிக்குக்குத்தான், அதாவது நார்களைப் பிசினோடு இறுக்கிச் செய்த சாதாரண பிளேட்டுக்கு. செராமிக் சூட்டைத் தாங்கும், கெட்டியாகப் பிடிக்கும். ஆனால் சட்டென்று பிடிக்கும். டிரெய்லருடன் ரிவர்ஸில் அங்குலம் அங்குலமாக நகரும்போது வண்டி குதிக்கும். அழுத்தம் கூடின பிரஷர் பிளேட்டோடு நல்ல ஆர்கானிக் பிளேட் போட்டால் பலருக்கும் போதும், பெடல் மட்டும் கொஞ்சம் கனக்கும். அப்புறம், ஹார்ஸ்பவரைப் பார்த்து வாங்காதீர்கள். கிளட்ச் தாங்க வேண்டியது டார்க்கை, அதாவது இன்ஜினின் முறுக்கு விசையை. ட்யூனிங்குக்குப் பிறகு உள்ள டார்க்கைச் சொல்லி வாங்குங்கள்.

கேள்வி: புது கிளட்ச் போட்டதும் கிளம்பும்போது அதிர்கிறது. பழகினால் சரியாகுமா?

பதில்: லேசான அதிர்வு என்றால் ஆகலாம். முதல் 800 கிலோமீட்டர் கனத்த லோடு வேண்டாம். நின்று நின்று கிளம்பும் ஓட்டம்தான் பிளேட்டைப் படிய வைக்கும். அதற்குப் பிறகும் அதிர்ந்தால் பொருத்திய விதத்தைச் சந்தேகப்படுங்கள். புது ஃப்ளைவீலின் துருத்தடுப்பு எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடைக்காமல் விட்டிருக்கலாம், ஸ்ப்லைனில் (பிளேட் மாட்டியிருக்கும் கியர்பாக்ஸ் தண்டின் பற்களில்) அப்பிய கிரீஸ் பிளேட்டுக்குத் தெறித்திருக்கலாம். கிரீஸ் ஊறிய பிளேட்டைக் கழுவிப் போடாதீர்கள், மாற்றிவிடுங்கள்.