லேசருக்குப் பிறகு க்ரீம் பட்டாலே எரிகிறதா?

கேள்வி: பருத் தழும்புக்காக ஃபிராக்ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசர் செய்து மூன்று வாரம் ஆகிறது. பொருக்கு உதிர்ந்து, தழும்பும் மங்கியிருக்கிறது. ஆனால் முகம் கழுவிய கையோடு தோல் இழுத்துப் பிடிக்கிறது. வழக்கமான மாய்ச்சரைசர் பட்டாலே எரிகிறது. சாலிசிலிக் ஃபேஸ்வாஷையும் வைட்டமின் சி சீரத்தையும் இரண்டாவது வாரமே மறுபடி ஆரம்பித்துவிட்டேன். அடுத்த வாரம் இரண்டாவது சிட்டிங். என் தோல் நிரந்தரமாக மெலிந்துவிட்டதா டாக்டர்?
- ஒரு வாசகி

பதில்: இல்லையம்மா, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் அடுத்த வார சிட்டிங்கைக் கட்டாயம் தள்ளிப்போடுங்கள்.

தோலின் மேல்பரப்பில் தலைமுடியின் பருமன்கூட இல்லாத ஒரு படலம் இருக்கிறது. இறந்த செல்கள் அடுக்கடுக்காகப் படிந்து, நடுவே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் நிரம்பியது. உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிப் போகாமல் காப்பது இதுதான். உங்களுக்குச் செய்த லேசரின் 10,600 நானோமீட்டர் ஒளியைத் தோலில் உள்ள நீர் உறிஞ்சிக் கொதித்து ஆவியாகிறது; படலத்தைத் துளைத்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழுகின்றன. ஈரம் அவற்றின் வழியே கசியும். குழிகளுக்கு இடையில் நல்ல தோலை விட்டுவைப்பதால் சில நாளில் மூடிக்கொள்ளும். முடி நீக்கும் லேசர் அப்படியல்ல. அது முடியின் நிறமியைக் குறிவைப்பதால், சரியாகச் செய்தால் இந்தப் படலம் பெரும்பாலும் தப்பிவிடும்.

பொதுவாக ஓரிரு வாரத்தில் கசிவு அடங்கிவிட வேண்டும். உங்களுக்கு இன்னும் எரிவதற்கு அந்த ஃபேஸ்வாஷும் சீரமும்தான் காரணம் என்று சந்தேகிக்கிறேன். தோலுக்குள் இறங்குவதற்காகவே வைட்டமின் சி சீரங்கள் பலவற்றை நல்ல அமிலத்தன்மையோடு தயாரிக்கிறார்கள். முழுமையாக ஆறாத தோலில் அது எல்லை மீறி இறங்கும். மருந்தை ஆழமாகச் செலுத்த நாங்களே லேசர் குழிகளைப் பயன்படுத்துகிறோம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். ரெட்டினால், ஸ்க்ரப், வாசனை சேர்த்த எதுவும் வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் காயும் முன் வாசனையில்லாத செராமைடு க்ரீம் போடுங்கள். அதுவும் எரிந்தால் வெறும் பெட்ரோலியம் ஜெல்லி போதும். பரு வந்துவிடும் என்று பலர் அதை ஒதுக்குகிறார்கள். சுத்திகரித்த ஜெல்லி பொதுவாகத் துளைகளை அடைப்பதில்லை, ஈரத்தைப் பிடித்துவைப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. பகலில் ஜிங்க் ஆக்சைடு சன்ஸ்கிரீன் அவசியம். நம் போன்ற மாநிறத் தோலில் எரிச்சல் நீடித்தால் கருந்திட்டு விழும். சீக்கிரம் ஆறட்டும் என்று ஸ்டீராய்டு கலந்த க்ரீமை நீங்களாக வாங்கிப் பூசிவிடாதீர்கள், தோல் மெலிவது அதனால்தான்.

வலியோடு கொத்தாகக் கொப்புளம், சீழ், அதிகமாகும் சிவப்பு இவற்றில் ஏதாவது தெரிந்தால் அன்றே சிகிச்சை செய்தவரிடம் போங்கள்.

வழக்கமான க்ரீம் எரியாமல், கழுவியபின் இழுப்பும் இல்லாமல் இரண்டு வாரமாவது போகட்டும். பிறகு சிட்டிங்குக்குப் போகும்போது இந்த எரிச்சல் கதையை முழுதாகச் சொல்லுங்கள். லேசரின் அளவைக் குறைக்கலாமா என்று அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.