டர்பனில் நாய் வளர்க்க எவ்வளவு ஆகும்? எடையிலிருந்து தொடங்குங்கள்

கேட்கப்பட்டது: "டர்பனில் வாடகை வீட்டில் இருக்கிறோம். பிள்ளைகள் நாய்க்குட்டி கேட்கிறார்கள், வீட்டுக்குக் காவலும் வேண்டும். வாங்கவும் வளர்க்கவும் எவ்வளவு ஆகும்?"

டர்பனின் புறநகர்களான சாட்ஸ்வொர்த் அல்லது ஃபீனிக்ஸ் பக்கம், சின்ன முற்றம் உள்ள வீடு, பகலில் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். ராண்ட் (தென்னாப்பிரிக்க நாணயம்) கணக்கில் ஒரு தொகையை எழுதினால் அடுத்த விலையேற்றத்தில் அது செல்லாது. கிலோ கணக்கு மாறாது. அதனால் எந்த இனம், என்ன விலை என்று கேட்பதற்கு முன்னால், வளர்ந்த பிறகு எத்தனை கிலோ இருக்கும் என்று கேளுங்கள். தீவனம், உண்ணி மாத்திரை, குடற்புழு மருந்து, மயக்க மருந்து எல்லாமே எடையைப் பார்த்துத்தான். தடுப்பூசி மட்டும்தான் சின்ன நாய்க்கும் பெரிய நாய்க்கும் ஒரே அளவு.

ஆரோக்கியமான, கருத்தடை செய்த, வளர்ந்த நாய்க்குச் சாதாரண உலர்தீவனம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ இவ்வளவு: 8 கிலோ நாய்க்கு 150 கிராம், 20 கிலோவுக்கு 300 கிராம், 40 கிலோவுக்கு 500 கிராம். மாதத்துக்கு நாலரை, ஒன்பது, பதினைந்து கிலோ. கடையில் மூட்டை விலையை எடையால் வகுத்து, இந்த அளவால் பெருக்கினால் உங்கள் மாதச் செலவு வந்துவிடும். குட்டிக்குக் கிலோவுக்குக் கிலோ பார்த்தால் ஏறக்குறைய இரட்டிப்பாகத் தின்னும். பெரிய மூட்டை மலிவு என்று 8 கிலோ நாய்க்கு 20 கிலோ மூட்டை வாங்காதீர்கள். தீர நாலு மாதத்துக்கு மேல் ஆகும். டர்பன் ஈரப்புழுக்கத்தில், பிரித்த மூட்டை ஆறு வாரத்துக்குள் முடியாவிட்டால் கொழுப்பு சிக்குவாடை அடிக்கும், பூஞ்சையும் பிடிக்கும். மூட்டையின் மேல், தீவனப் பதிவுக்கான 1947ஆம் ஆண்டின் 36ஆம் எண் சட்டப்படி பதிவு எண் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

"எங்கள் வீட்டு மிச்சத்தையே போடுவோம்" என்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நம் கறியிலும் பிரியாணியிலும் வெங்காயமும் பூண்டும் இல்லாமல் இருக்காது. இரண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்த எலும்பு சில்லுசில்லாகப் பிளந்து குடலில் குத்தும், அடைக்கும். அதற்கான அறுவைக்கு ஆகும் பணத்தில் பல மாதத் தீவனம் வாங்கலாம். உப்பும் மசாலாவும் சேர்க்காத சோறும் எலும்பில்லாத வெந்த கோழியும் போட்டால் தப்பில்லை.

இனி உண்ணி. இங்கே செலவைத் தீர்மானிப்பது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பிலியரி என்று எல்லோரும் சொல்வது பபீசியா என்ற ஒட்டுண்ணியால் வருவது. உண்ணி கடித்து இரத்தத்தில் ஏறி, சிவப்பணுக்களை உடைக்கும். தென்னாப்பிரிக்காவில் பரவலாக உள்ள பபீசியா ரோஸ்ஸி மிகக் கொடியது. நேற்று வரை துள்ளிய நாய் இன்று சாப்பிடாமல் சுருண்டு படுத்தால், வெயில் என்று விட்டுவிடாதீர்கள். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெளுத்தோ மஞ்சளித்தோ இருந்தால், சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால், அன்றைக்கே டாக்டர். காதில் ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தடவிப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். முதல் நாள் போனால் ஊசியோடு முடிய வாய்ப்பு அதிகம். மூன்றாம் நாள் போனால் இரத்தம் ஏற்ற வேண்டிவரும், சில நாள் படுக்கையும் வேண்டும். பில் பல மடங்காகும், நாயும் பிழைக்காமல் போகலாம்.

தடுக்க, 12 வாரம் வேலை செய்யும் பிராவெக்டோ போன்ற மாத்திரை உண்டு, நெக்ஸ்கார்டு போல மாதாமாதம் கொடுப்பதும் உண்டு. பிராவெக்டோ என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ நாலேகால் மாத்திரை என்று கணக்கு வையுங்கள். எடைப் பிரிவு 4.5, 10, 20, 40 கிலோவில் மாறும், பிரிவு ஏற ஏற விலையும் ஏறும். 19 கிலோவில் இருக்கவேண்டிய நாய் கொழுத்து 21 ஆனால் வாழ்நாள் முழுக்க மேல்பிரிவுக்குத்தான் பணம் கட்டுவீர்கள். மாத்திரை கொடுத்தும் பிலியரி வந்தது என்று சொல்பவர்களிடம் கேட்டால் காரணம் பெரும்பாலும் இதில் ஒன்றாக இருக்கும்: பதின்மூன்று, பதினான்காம் வாரம் வரை தள்ளிப்போட்டது; வெறும் வயிற்றில் கொடுத்தது (தீனியோடு கொடுத்தால்தான் மருந்து சரியாக உடம்பில் ஏறும்); பெரிய மாத்திரையை இரண்டு நாய்க்குப் பிய்த்துக் கொடுத்தது; குட்டியின் பழைய எடைக்கு வாங்கியது. மூன்று மாதத்தில் குட்டி 4 கிலோவிலிருந்து 12 கிலோவுக்குப் போய்விடலாம். அதனால் வளரும் வரை மாதாந்திர மாத்திரைதான் என் கணக்கில் சரி. வலிப்பு வந்த நாய் என்றால் இந்த வகை மாத்திரைக்கு முன் டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும். மாட்டுக்கு அடிக்கும் டிப்பையும் (உண்ணிக்கொல்லி மருந்து), சொறிக்குக் கழிவு என்ஜின் ஆயிலையும் நாய்மேல் தடவாதீர்கள். விஷம் தோல் வழியாகவும் ஏறும், நக்கினால் வயிற்றுக்கும் போகும்.

தடுப்பூசி: ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக, பதினாறு வாரம் வரை. கடைசி ஊசியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி முந்தைய ஊசிகளை வேலை செய்யவிடாமல் தடுத்திருக்கலாம், ஆகவே அந்தக் கடைசி ஊசிதான் முக்கியம். பார்வோ (குடலைத் தாக்கும் வைரஸ் நோய்) வந்து குட்டி இறந்த முற்றத்தில் கிருமி ஓராண்டுக்கு மேலும் மண்ணில் இருக்கும். சிமெண்ட் தரையை ஒரு பங்கு ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவுங்கள், மண்தரையை அப்படிச் சுத்தம் செய்ய முடியாது. ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) ஊசி சட்டப்படி கட்டாயம், மூன்று மாதத்தில் முதல் ஊசி. டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் நாய்வழி ரேபிஸ் இன்னும் இருக்கிறது. அரசு கால்நடைத் துறை முகாம்களில் இலவசமாகவே போடுகிறார்கள், ஆகவே இதில் சாக்குச் சொல்ல இடமில்லை.

கருத்தடைக்கு ஆகும் செலவைப் பார்த்துத் தயங்குவார்கள். செய்யாத பெட்டைக்குப் பின்னாளில் கருப்பையில் சீழ் வைத்தால் நடுராத்திரி அவசர அறுவை, அதன் செலவு பல மடங்கு. எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்குநலச் சங்கத்தில் தத்தெடுத்தால் தத்துக் கட்டணத்திலேயே கருத்தடையும் தடுப்பூசியும் மைக்ரோசிப்பும் அடங்குவது வழக்கம். வளர்ந்த நாயாக எடுத்தால் எடையும் குணமும் கண்முன்னே தெரியும். இணையத்தில் படத்தைக் காட்டி முன்பணம் கேட்பவரிடம் பணம் அனுப்பாதீர்கள். தாய்நாயை நேரில் பார்க்காமல் குட்டி வாங்கக் கூடாது.

காவலுக்குப் பெரிய நாய் வேண்டும் என்று நினைக்கிறீர்கள். குரைப்பதற்கு 12 கிலோ போதும். திருட வருபவர்கள் 'டூ ஸ்டெப்' என்ற விஷத்தை இறைச்சியில் வைத்து வேலிக்கு மேலே எறிவது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், பெரிய நாயும் அதற்குத் தப்பாது. இராத்திரி வீட்டுக்குள் படுக்கும் நாய்தான் உயிரோடு காவல் காக்கும். எச்சில் ஒழுகி, நடுங்கி, கண்மணி சுருங்கினால் பால் ஊற்றிக்கொண்டு நிற்காமல் டாக்டரிடம் ஓடுங்கள். மாற்றுமருந்து உண்டு, நேரம்தான் இல்லை.

ஒன்றை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. தீபாவளி வந்தால் நாய்கள் மிரண்டு ஓடுகின்றன என்று நம் ஆட்களை மட்டும் திட்டுகிறார்கள். நவம்பர் 5 (ஆங்கிலேயர் வழிவந்த கை ஃபாக்ஸ் பட்டாசு நாள்) இரவும் புத்தாண்டு இரவும் வெடிப்பது யார்? அந்தப் பழி நியாயமில்லை. ஆனால் நாய் ஓடுவது உண்மை, நாமும் வெடியைக் குறைக்கத்தான் வேண்டும். அன்றைக்கு உள்ளறையில் சன்னலை மூடி விடுங்கள், சங்கிலியில் கட்டாதீர்கள். ரொம்பப் பயப்படும் நாய்க்கு இரண்டு வாரம் முன்பே டாக்டரிடம் மருந்து கேளுங்கள். உடம்பை மட்டும் தளர்த்தி, பயத்தை அப்படியே உள்ளே விட்டுவைக்கும் மயக்க மாத்திரையாக இல்லாமல், பதற்றத்தைத் தணிப்பதாக இருக்கவேண்டும் என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள்.

மருத்துவக் காப்பீடு எடுப்பதென்றால் குட்டியிலேயே எடுங்கள், ஏற்கெனவே வந்த நோய்க்குத் தரமாட்டார்கள். மாதத்தவணையைக் கட்ட முடியாவிட்டால், உண்ணி மாத்திரை விலைக்குச் சமமான தொகையை மாதாமாதம் தனியாக ஒதுக்குங்கள்.

வாடகை வீடு என்றீர்கள். குட்டியைத் தூக்குவதற்கு முன் வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். அடுக்குமாடி என்றால் கட்டடத்தை நிர்வகிக்கும் அறங்காவலர் குழுவின் (trustees) எழுத்துபூர்வ அனுமதியும் வேண்டும். அடுக்குமாடிகளுக்கான வழக்கமான நடத்தை விதிப்படி, தகுந்த காரணம் இல்லாமல் அவர்கள் மறுக்கக் கூடாது. விண்ணப்பத்தில் நாயின் வளர்ந்த எடையையும் கருத்தடைச் சான்றையும் சேர்த்துக் கொடுங்கள்.