அணு ராக்கெட் கிளம்பினால் தடாவில் இருப்பவர்களுக்கு ஆபத்தா?

கேள்வி: நாங்கள் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்குப் பக்கத்தில் தடாவில் இருக்கிறோம். சூலூர்பேட்டை பக்கம் ஒரு வீட்டுமனை பார்த்து வைத்திருக்கிறோம். செவ்வாய்க்குப் போகும் ராக்கெட்டில் இனி அணு உலை இருக்கும் என்று கல்லூரியில் படிக்கும் மகன் சொல்கிறான். அது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி நடுவானில் வெடித்தால் எங்கள் கதி என்ன? மனையை வாங்கலாமா?

பதில்: மகன் சொல்வது நடக்கக்கூடியதுதான் அம்மா. ஆனால் அந்த உலையைத் தரையில் இயக்க மாட்டார்கள். மேலே தூக்கிக்கொண்டு போவது வழக்கமான ராக்கெட்தான். உலை அதன் உச்சியில் சரக்காக, சும்மா இருக்கும். பூமியைச் சுற்றும் உயரமான பாதைக்குப் போன பிறகே அதற்கு வேலை. மைனஸ் 253 டிகிரியில் இருக்கும் திரவ ஹைட்ரஜன் உலைக்குள் பாய்ந்து, 2,000 டிகிரிக்கு மேல் சூடாகி, பின்பக்கமாகப் பீறிடும். அதே எடை உந்துபொருளில் கிரையோஜெனிக் எஞ்சின் தருவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பலன். அமெரிக்கா இதை நெவாடா பாலைவனத்தில் 1972 வரை தரையிலேயே ஓட்டிப் பார்த்தது. பறந்ததில்லை. 2027-இல் பறக்கவிட நினைத்த 'டிராகோ' திட்டத்தையும் 2025-இல் கைவிட்டார்கள்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். எரிபொருளான யுரேனியம்-235 பாதியாகச் சிதைய சுமார் 70 கோடி ஆண்டுகள் பிடிக்கும். அவ்வளவு மெதுவாகச் சிதைவதால் அதிலிருந்து வரும் கதிர்வீச்சு மிகக் குறைவு. நாம் பயப்பட வேண்டிய கதிரியக்க சீசியம், ஸ்ட்ரான்ஷியம், அயோடின் எல்லாம் அணு பிளந்த பிறகு உண்டாகிறவை. இயக்காத உலையில் அவை இல்லை. ராக்கெட் வெடித்தாலும் துண்டுகள் பெரும்பாலும் வங்கக் கடலில்தான் விழும். ஆனால் ஒன்றை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது: கடல்நீர் உலைக்குள் புகுந்தால் அது அணுவைப் பிளக்கும் நியூட்ரான் துகள்களின் வேகத்தைக் குறைத்து, அணுக்கள் அடுத்தடுத்துப் பிளக்கும் தொடர்வினையைத் தானாகத் தொடங்கிவைக்கலாம். அதனால் நியூட்ரானை விழுங்கும் பொருளை உள்ளே வைத்து, தண்ணீரில் மூழ்கினாலும் உலை உயிர் பெறாதபடி வடிவமைக்க வேண்டும். எந்த வடிவமைப்பு வந்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ஒருமுறை ஓடிய உலையின் கதை வேறு. 1978-இல் சோவியத்தின் காஸ்மாஸ் 954 செயற்கைக்கோள் தன் உலையோடு கீழே விழுந்து, வடக்குக் கனடாவில் கதிரியக்கத் துண்டுகளைச் சிதறடித்தது. 1992-இல் ஐ.நா. வகுத்த கொள்கைகள், உரிய பாதையை அடையும் முன் உலையை இயக்கக் கூடாது என்கின்றன. ஆகவே அணு ராக்கெட் செய்தி வந்தால் இரண்டைக் கேளுங்கள்: எந்த உயரத்தில் இயக்குகிறார்கள், வேலை முடிந்ததும் எங்கே விடுகிறார்கள்?

கதிரியக்கப் பொருள் ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் புதிதும் அல்ல. 2023-இல் சந்திரயான்-3-இன் உந்துகலத்தில் தலா ஒரு வாட் திறனுள்ள இரண்டு கதிரியக்கச் சூடேற்றிகள் அங்கிருந்துதான் போயின. இன்று அங்கே கையாளுவதில் பிஎஸ்எல்வி இரண்டாம் கட்டத்தின் நச்சுத் திரவ எரிபொருளே எனக்குப் பெரிய ஆபத்தாகத் தெரிகிறது. அதுவும் ஏவுதள வளாகத்துக்குள் இருக்கிறது. சூலூர்பேட்டை சுமார் 18 கிலோமீட்டர் தள்ளி.

அணு உலைக்குப் பயந்து மனையை விட வேண்டாம். அந்த சர்வே எண் பழவேற்காடு பறவைகள் சரணாலயத்தின் கட்டுப்பாட்டு எல்லைக்குள் வருகிறதா, ஏரி நிரம்பும் மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் நிற்கிறதா என்று விசாரித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.