பாட்டு, பேச்சு, இணையம்: தொடுதிரை போன் வாங்குமுன்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். 15,000 ரூபாய்க்குள் ஒரு தொடுதிரை போன் வாங்க நினைக்கிறேன். பாட்டுக் கேட்பது, வெளியூரில் இருக்கும் பிள்ளைகளோடு பேசுவது, இணையத்தில் செய்தியும் கட்டுரையும் வாசிப்பது ஆகிய மூன்றைத் தவிர எனக்கு வேறு தேவை இல்லை. கடைக்குப் போனால் கேமராவைப் பற்றியே பேசுகிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது?
– வாசகர், தென்காசி

பதில்: கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கையில் இருக்கும் விளம்பர அட்டையே மெகாபிக்சலில் தொடங்கித்தான் அச்சாகி வருகிறது. உங்கள் மூன்று தேவைகளுக்கும் உண்மையில் முக்கியமானவை அந்த அட்டையில் பெரும்பாலும் இருப்பதில்லை. இருந்தாலும் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். ஆகவே உங்கள் சிம் கார்டையும், வழக்கமாகப் பயன்படுத்தும் இயர்போனையும் எடுத்துக்கொண்டு, நாள்தோறும் வாசிக்கும் ஒரு தளத்தின் முகவரியையும் நினைவில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். டெமோ போனில் சிம்மைப் போட்டுப் பேசிப் பார்க்க விடுவார்களா என்று முதலில் கேளுங்கள். விடமாட்டோம் என்றால் பக்கத்துக் கடைக்குப் போவதில் தவறில்லை.

முதலில் வீட்டுக்கு ஒரு அழைப்புப் போடுங்கள், அதையும் கடைக்குள் நின்று அல்ல, வாசலுக்கு வந்து பேருந்து இரைச்சலுக்கு நடுவே பேசுங்கள். நல்ல போன்களில் பேசுவதற்கான மைக் கீழ் விளிம்பிலும், சுற்றுப்புற இரைச்சலைப் பிடித்துக் கழிப்பதற்கான இரண்டாவது மைக் மேல் விளிம்பிலும் இருக்கும். மலிவான சில போன்களில் மேலே அந்தத் துளை இருக்காது. நீங்கள் பேசுவது தெளிவாக இருக்கிறதா என்பதை எதிர்முனையில் இருப்பவர்தான் சொல்ல முடியும் என்பதால், அவரிடமே கேட்டுவிடுங்கள்.

பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். போனைக் காதில் வைத்ததும் திரை அணைய வேண்டும், எடுத்ததும் உடனே எரிய வேண்டும். கன்னம் அருகில் வந்ததை உணரும் சென்சார் தனியாக இல்லாத போன்களும் சந்தையில் உண்டு. அவை காதுக்குக் கேட்காத மீயொலியை அனுப்பி, அதன் எதிரொலியை மைக்கில் வாங்கி, கன்னம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடுகின்றன. அந்தக் கணக்கு தவறும்போது திரை அணையாது, கன்னம் பட்டு மியூட் பொத்தான் அழுந்திவிடும், எதிர்முனையில் இருப்பவர் ‘ஹலோ, ஹலோ’ என்று நான்கு முறை கூவிவிட்டு வைத்துவிடுவார். இந்த ஒரு குறைக்காகவே ஒரு போனை ஒதுக்கலாம் என்பது என் கருத்து. தினமும் பத்து அழைப்பு பேசுகிறவருக்கு இதைவிட எரிச்சலூட்டும் குறை வேறில்லை.

கேள்வி: எங்களுடையது பழைய செட்டிநாட்டு வீடு. முற்றத்தில் நின்றால் சிக்னல் இருக்கிறது; உள்ளறைக்குப் போனால் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கிறது. புதுப் போன் வாங்கினால் சரியாகுமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: ஓரளவு சரியாகலாம், ஆனால் எந்தப் போன் என்பதைப் பொறுத்தது. அலைவரிசையின் எண் குறையக் குறைய அலை தடித்த சுவரைத் தாண்டும் திறன் கூடும். ஜியோ 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் 4ஜி சேவை தருகிறது. உங்கள் உள்ளறைக்கு எட்டிப் பார்க்கக்கூடியது அவற்றுள் 850 தான். பிஎஸ்என்எல் 4ஜி சேவைக்கு 700, 2100 ஆகியவற்றைப் பயன்படுத்துகிறது. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் போன்களில் சில நேரம் இந்தக் கீழ் அலைவரிசைகளில் ஒன்று விடுபட்டிருக்கும். அப்போது திரையில் 4ஜி என்று காட்டினாலும் வீட்டுக்குள் பலன் இருக்காது. தயாரிப்பாளரின் தளத்தில் போனின் ‘பேண்ட்’ பட்டியல் இருக்கும். 700 என்பது பேண்ட் 28, 850 என்பது பேண்ட் 5.

வீட்டில் பிராட்பேண்ட் இணைப்பு இருந்தால் இதைவிட எளிய வழி உண்டு. வைஃபை வழியாகவே சாதாரண அழைப்புகளைப் பேசும் ‘வைஃபை காலிங்’ வசதியை ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் தொடங்கின. இதற்குத் தனிச் செயலி வேண்டியதில்லை. போனின் சிம் அமைப்புகளுக்குள் ஒரு பொத்தானாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு நிறுவனத்தின் சிம்முக்கும் அது திறந்திருப்பதில்லை என்பதால், உங்கள் சிம்மைப் போட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

வோல்ட்டி எனப்படும் 4ஜி குரல் அழைப்பும் இருக்க வேண்டும். அது இல்லாத போனில் ஜியோ சிம்மைப் போட்டால் சாதாரண அழைப்பே போகாது, ஏனெனில் அந்த நிறுவனத்துக்கு 2ஜி, 3ஜி வலையமைப்பு கிடையாது. மற்ற நிறுவனங்களின் சிம்மில் அழைப்பு 2ஜிக்கு இறங்கிவிடும், குரலும் மங்கும். பழைய முறை ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தியது. வோல்ட்டியில் பரவலாகப் பயன்படும் அகன்ற குரல் முறை 7000 ஹெர்ட்ஸ் வரை போகிறது. போனில் பெயரின் இனிஷியலைச் சொல்லும்போது ‘எஸ்’ என்றால் ‘எஃப்’ என்று எழுதிக்கொள்கிறார்களே, அதற்குக் காரணம் அந்த எழுத்துகளை வேறுபடுத்தும் சீறலொலி பெரும்பாலும் 3400க்கு மேலே இருப்பதுதான்.

கேள்வி: 5ஜி போன்தான் வாங்க வேண்டுமா?
– வாசகர், ஓசூர்

பதில்: பாட்டுக்கும் பேச்சுக்கும் வாசிப்புக்கும் 4ஜி போதும். ஒரே விலையில் இரண்டும் கிடைத்தால் 5ஜியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காகத் திரையிலோ நினைவகத்திலோ விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தால், வேண்டாம்.

கேள்வி: என்னிடம் கச்சேரிப் பதிவுகள் ஏராளமாக எம்பி3 வடிவில் உள்ளன. புதிய போன்களில் இயர்போன் துளையே இல்லை என்கிறார்கள். நல்ல ஒலிக்கு எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் சேகரிப்பை வைத்துப் பார்த்தால், 3.5 மி.மீ. ஜாக்கும் மெமரி கார்டு இடமும் உள்ள போன்தான் உங்களுக்கு ஏற்றது. ஆப்பிள் 2016இல் ஐபோன் 7 மாடலில் அந்த ஜாக்கை எடுத்துவிட்டது. விலை உயர்ந்த ஆண்ட்ராய்டு போன்களும் ஒவ்வொன்றாக அதே வழியில் போயின. பட்ஜெட் விலைப் போன்களில்தான் அது இன்னும் கிடைக்கிறது என்பது விந்தையான நிலைமை. இசை ரசிகர் குறைந்த விலைப் போனைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

ஜாக் இல்லாத போனில் சார்ஜர் துளையில் செருகும் ஒரு சிறு இணைப்பு வயரைக் கொண்டு பழைய இயர்போனை மாட்டலாம். இதில் ஒரு சிக்கல் உண்டு. சில போன்கள் அந்தத் துளை வழியாக ஒலியை நேரடி அனலாக் வடிவில் தருகின்றன. வேறு சில டிஜிட்டல் வடிவில் மட்டுமே தருகின்றன, அவற்றுக்கு ஒலியாக மாற்றும் சில்லு உள்ள வயர் வேண்டும். பார்வைக்கு இரண்டு வயரும் ஒன்றுபோலவே இருக்கும். நண்பரின் போனில் பாடிய வயர் உங்கள் போனில் ஊமையாகிவிட்டால் காரணம் இதுதான். வாங்கும்போதே சில்லு உள்ள வகையாகக் கேட்டு வாங்குவது பாதுகாப்பு.

ப்ளூடூத் இயர்போன் என்றால் எஸ்பிசி, ஏஏசி, ஆப்ட்எக்ஸ், எல்டாக் என்று பல பெயர்கள் காதில் விழும். இவை ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைகள். எஸ்பிசி எல்லாக் கருவியிலும் கட்டாயம் இருக்கும். சோனியின் எல்டாக் விநாடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும். ஆண்ட்ராய்டு 8 வெளிவந்த 2017 முதல் ஆண்ட்ராய்டுடன் சேர்ந்தே வருகிறது. ஐபோனில் அது இல்லை, ஏஏசி மட்டும் உண்டு. போன், இயர்போன் இரண்டிலும் ஒரே முறை இருந்தால்தான் பயன். ஒன்றில் மட்டும் இருந்தால் இரண்டும் எஸ்பிசிக்கு இறங்கிவிடும். ஆனால் உங்கள் பதிவுகள் 128 கிலோபிட் எம்பி3 என்றால், பதிவில் இல்லாத நுணுக்கத்தை எந்த முறையும் கொண்டுவராது. எல்டாக் என்ற சொல்லுக்காக ஓராயிரம் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

ஒலியைச் சோதிக்கத் திரைப்பாட்டைவிட, கச்சேரியில் தாள வாத்தியம் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனம் நல்லது. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் எழும் ஆழ்ந்த கும்கி ஒலி வழுக்கிக்கொண்டு இறங்குவது இயர்போனில் முழுதாகக் கேட்க வேண்டும். வலப்பக்கமான வலந்தலையில் எழும் ‘சாப்பு’ என்ற தட்டு உலோகத்தைத் தட்டியதுபோல ஒலிக்கக் கூடாது. இதைப் போனின் சொந்த ஸ்பீக்கரில் எதிர்பார்க்காதீர்கள். அவ்வளவு சிறிய ஸ்பீக்கரால் தொப்பியின் கீழ் ஒலியை எழுப்பவே முடியாது. அதில் பார்க்க வேண்டியது, ஒலியை முழுதாகக் கூட்டினால் குரல் பிசிறடிக்கிறதா என்பது மட்டும்தான்.

128 கிலோபிட்டில் மூன்று மணி நேரக் கச்சேரி ஏறத்தாழ 173 எம்பி இடம் பிடிக்கும். 64 ஜிபி கார்டில் அப்படிப்பட்ட கச்சேரிகள் முந்நூறுக்கு மேல் அடங்கும். கார்டு இடம் ‘ஹைப்ரிட்’ வகையா என்று கேளுங்கள். அப்படியென்றால் இரண்டாவது சிம், கார்டு ஆகிய இரண்டில் ஒன்றைத்தான் போட முடியும். வாங்கிய பிறகு திரை அணைந்ததும் பாட்டு நின்றுபோனால் போன் கெட்டுவிட்டதென்று நினைக்க வேண்டாம். பேட்டரியை மிச்சப்படுத்த, பின்னணியில் ஓடும் செயலிகளை நிறுத்திவிடும் வழக்கம் பல போன்களில் உண்டு. பேட்டரி அமைப்புகளில் பாட்டுச் செயலிக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் போதும்.

ஜாக்கினால் இன்னொரு பயன்: எஃப்எம் வானொலி. இயர்போன் வயர்தான் அதற்கு ஏரியல். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது சென்னையில் செல்போன் சேவையும் இணையமும் முடங்கின. அப்படிப்பட்ட நாளில் டவரையும் இணையத்தையும் நம்பாமல் செய்தி கேட்க அந்த வயர் உதவும்.

கேள்வி: ‘8 + 8 ஜிபி ரேம்’ என்று போட்டிருக்கிறார்களே, அது 16 ஜிபியா? இணையம் பார்க்க எவ்வளவு வேண்டும்?
– வாசகி, திருப்பூர்

பதில்: இல்லை, செயலிகள் ஓடுவதற்கான நினைவகமான ரேம் 8 ஜிபிதான். மீதி 8, சேமிப்பகத்தில் ஒரு பகுதியை ரேம்போலப் பயன்படுத்துவது. சேமிப்பகம் ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. அதிலும் இஎம்எம்சி வகை என்றால், எழுதும்போது படிக்க முடியாது, படிக்கும்போது எழுத முடியாது. யூஎஃப்எஸ் வகை இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யும். ஆகவே கூட்டல் குறிக்குப் பின்னால் உள்ள எண்ணை மறந்துவிட்டு, சேமிப்பகம் யூஎஃப்எஸ் தானா என்று கேளுங்கள்.

இணையம் வாசிக்க 4 ஜிபி ரேம் ஓட்டிவிடும், 6 இருந்தால் நிம்மதி. கடையிலேயே சோதிக்கலாம். படங்களும் விளம்பரங்களும் நிறைந்த மூன்று செய்தித் தளங்களைத் தனித்தனித் தாவல்களில் திறந்து, ஒவ்வொன்றையும் அடிவரை உருட்டிவிட்டு முதல் தாவலுக்குத் திரும்புங்கள். விட்ட இடத்திலேயே பக்கம் நின்றால் நல்லது. வெள்ளையாகி மறுபடி முதலிலிருந்து ஏறத் தொடங்கினால் ரேம் போதவில்லை என்று பொருள்.

திரையைப் பொறுத்தவரை, 6.7 அங்குலத் திரையில் 720 புள்ளி அகலம் என்றால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 260 புள்ளி. 1080 என்றால் ஏறத்தாழ 390. படம் பார்க்கும்போது இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. சிறிய எழுத்தில் தமிழ் வாசிக்கும்போது தெரியும்: ‘ண’வின் சுழிகள் ஒட்டிக்கொள்ளும், மெய்யெழுத்தின் புள்ளி கசியும். நாள்தோறும் நீண்ட நேரம் வாசிக்கிறவர் 1080 திரைக்கே போகலாம். உருட்டும்போது வழுக்கலாக இருக்கும் 120 ஹெர்ட்ஸ் திரை அழகுதான், ஆனால் அது இரண்டாம் பட்சம். ‘உச்ச வெளிச்சம்’ என்று போடப்படும் பெரிய எண்கள் பெரும்பாலும் திரையின் ஒரு சிறு பகுதி மட்டும் எரியும்போது கிடைப்பவை. வெயிலில் வாசிக்க முடியுமா என்பதை வாசலில் நின்று பார்த்துவிடுவதே மேல்.

எத்தனை ஆண்டுக்குப் பாதுகாப்பு மேம்பாடு தருவார்கள் என்பதையும் விசாரியுங்கள். சாம்சங் 2024இல் வெளியிட்ட கேலக்ஸி ஏ16 5ஜி போனுக்கு 6 ஆண்டு தருவதாக அறிவித்தது. இந்த விலைப் பிரிவில் பல போன்களுக்கு அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. குரோம் உலாவி ஆண்ட்ராய்டு 8, 9 ஆகியவற்றுக்கான ஆதரவை 2025இல் நிறுத்திக்கொண்டது. போன் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் உலாவி பழையதாகத் தங்கிவிடும் நிலை இப்படித்தான் வருகிறது.

கேள்வி: இந்த மூன்றையும் ஒரே தொடுதிரையில் சேர்த்தது ஐபோன்தானா?
– கல்லூரி மாணவர், சென்னை

பதில்: விரலால் தொடும் திரை கொண்ட எல்ஜி பிராடா அதற்குச் சற்று முன்பே அறிவிக்கப்பட்டது. ஆனால் பாட்டு, பேச்சு, இணையம் என்ற மூன்றையும் ஒரே கருவியின் அடையாளமாக முன்வைத்தது ஐபோன்தான். 2007 ஜனவரி 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ், தொடுதிரை ஐபாட், செல்போன், இணையக் கருவி என்று மூன்று புதிய பொருள்களை அறிவிப்பதுபோலத் தொடங்கி, மூன்றும் ஒன்றேதான் என்று முடித்தார்.

இன்றைய கண்ணோட்டத்தில் எடைபோட்டால் அந்த முதல் ஐபோன் மூன்றிலும் மதிப்பெண் இழந்திருக்கும். இயர்போன் துளை உள்ளடங்கி இருந்ததால் பல இயர்போன்கள் இணைப்பான் இல்லாமல் அதில் பொருந்தவில்லை. இணையத்துக்கு 3ஜி இல்லை, 2ஜி காலத்து மெதுவான எட்ஜ் மட்டுமே. அமெரிக்காவில் ஏடி&டி நிறுவனத்தின் சேவையோடு மட்டுமே விற்கப்பட்டது. இருந்தும் அது வென்றதற்குக் காரணம், 3.5 அங்குலத் திரையில் ஒரு முழு இணையப் பக்கத்தைக் காட்டி, இரண்டு விரலால் விரித்து வாசிக்க வைத்ததுதான் என்பேன். இந்தியாவுக்கு அதற்கு அடுத்த மாடலான ஐபோன் 3ஜி 2008 ஆகஸ்டில் வந்தது. 8 ஜிபி மாடலின் விலை 31,000 ரூபாய்.

கேள்வி: காதில் வைத்துப் பேசினால் கதிர்வீச்சு என்று பயமுறுத்துகிறார்கள். அளவை எப்படி அறிவது?
– வாசகி, நாமக்கல்

பதில்: *#07# என்று அழுத்துங்கள். வரும் ‘சார்’ மதிப்பு, அதாவது உடல் உறிஞ்சும் அலை ஆற்றலின் அளவு, தலைக்கு அருகில் கிலோவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக் கூடாது. இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் இதுவே உச்ச வரம்பு.

கேள்வி: பழைய போன் வாங்கினால் என்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், விழுப்புரம்

பதில்: மேலே சொன்ன எல்லாச் சோதனைகளும் இதற்கும் பொருந்தும். அவற்றோடு, ஒரு செயலியின் சின்னத்தை விரலால் அழுத்திப் பிடித்துத் திரையின் ஒவ்வொரு மூலைக்கும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். எங்காவது நழுவி விழுந்தால் அந்த இடத்தில் தொடுதிரை செத்திருக்கிறது. சார்ஜர் துளையில் வயரைச் செருகி லேசாக ஆட்டிப் பாருங்கள். பிறகு *#06# அழுத்தினால் வரும் போனின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைக் குறித்துக்கொண்டு, கே, ஒய், எம் ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து, 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். பதிலில் வரும் நிறுவனப் பெயரும் மாடலும் கையில் உள்ள போனோடு ஒத்துப்போக வேண்டும். முடக்கப்பட்டது என்றோ, ஒரே எண் பல போன்களில் இருக்கிறது என்றோ பதில் வந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.