எண் அந்தப் பக்கம் ‘போவதில்லை’

கேள்வி: எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் சமன்பாடுகளில் குறியைத் தப்பும் தவறுமாகப் போடுகிறாள். −3ம = 12 என்று கொடுத்தால் ம = 4 என்கிறாள். கேட்டால், “3 அந்தப் பக்கம் போனா மைனஸ் பிளஸ் ஆகிடும்ல” என்கிறாள். எப்படிப் புரியவைப்பது?

பதில்: உங்கள் மகளுக்குக் கவனக்குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். சொல்லிக்கொடுத்த விதியைத்தான் அவள் அப்படியே பின்பற்றியிருக்கிறாள். ‘அந்தப் பக்கம் போனால் குறி மாறும்’ என்பது வெறும் குறுக்குவழி. காரணம் தெரியாமல் அதை மனப்பாடம் செய்தால் இப்படித்தான் காலை வாரும்.

ம + 6 = 21 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் 6ஐக் கழிக்கிறோம். இடப்பக்கம் 6 போய்விடுகிறது, வலப்பக்கம் 21 − 6 ஆகிறது. நடுவில் வரும் இந்த வரியை எழுதாமல் விட்டால், 6 தாண்டிப்போய்க் குறி மாறியதுபோலத் தெரியும். ஆனால் எதுவும் எங்கேயும் போகவில்லை. இரண்டு பக்கமும் ஒரே வேலையைச் செய்தோம், அவ்வளவுதான்.

இப்போது −3ம = 12க்கு வருவோம். இங்கே 3க்கு முன்னால் இருக்கும் மைனஸ், அந்த எண்ணோடு சேர்ந்தது. −3 என்ற எண் ம-வைப் பெருக்கி நிற்கிறது. பெருக்கலை நீக்க அதே எண்ணால் வகுக்க வேண்டும், மைனஸையும் சேர்த்துத்தான். இரண்டு பக்கமும் −3ஆல் வகுத்தால் ம = −4. அவள் சொன்ன 4ஐ அவளையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: −3 × 4 = −12. கணக்கில் இருப்பதோ 12. நீங்கள் ‘தப்பு’ என்று சொல்லவே வேண்டாம், அவளே பிடித்துவிடுவாள். இப்படிச் சரிபார்க்கும் பழக்கத்தை மட்டும் விடவே விடாதீர்கள்.

பின்னம் வந்தால் வேறொரு தவறு வரும். ம/3 + 2 = 7 என்றால் பல பிள்ளைகள் ம + 2 = 21 என்று எழுதுவார்கள். 3ஆல் பெருக்கும்போது இடப்பக்கம் முழுவதையும் பெருக்க வேண்டும், 2 உட்பட. ம + 6 = 21, அதாவது ம = 15. பெருக்குவதற்கு முன் இடப்பக்கம் முழுவதையும் ஓர் அடைப்புக்குறிக்குள் எழுதச் சொல்லுங்கள், அந்த 2 விட்டுப்போகாது.

அவளுடைய நோட்டில் இன்னொன்றையும் பாருங்கள். 12 + 5 = 17 × 2 = 34 என்று ஒரே வரியில் எழுதுகிறாளா? 12 + 5 எப்படி 34 ஆகும்? இப்படி எழுதும் பிள்ளைக்கு சமக்குறி என்றால் ‘விடை இதோ’ என்ற பொருள்தான் மனதில் இருக்கும். 1557இல் கணிதவியலாளர் ராபர்ட் ரெக்கார்ட் இந்தக் குறியை அறிமுகப்படுத்தியபோது, இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறு எவையும் இருக்க முடியாது என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்தார். இரண்டு பக்கமும் ஒரே மதிப்பு என்பது மனதில் பதியாதவரை, ஒரு பக்கம் செய்ததை மறுபக்கமும் ஏன் செய்ய வேண்டும் என்பது பிடிபடாது.

ஒரு மாதத்துக்கு ‘அந்தப் பக்கம் கொண்டுபோ’ என்ற பேச்சையே வீட்டில் எடுக்காதீர்கள். ஒவ்வொரு வரிக்கும் வலது ஓரத்தில் ஒரு கோடு போட்டு, ‘இரண்டு பக்கமும் −6’, ‘இரண்டு பக்கமும் ÷ −3’ என்று எழுதச் சொல்லுங்கள். நேரம் பிடிக்கும், பரவாயில்லை. குறுக்குவழியை அப்புறம் அவளே கண்டுபிடித்துக்கொள்வாள்.

இன்றைக்கு 5 − 2ம = 11 கொடுத்துப் பாருங்கள். விடையை விட இரண்டாவது வரியைக் கவனியுங்கள். −2ம = 6 என்று வந்தால் சரி. 2ம = 6 என்று வந்தால், அந்த மைனஸை நீக்க இரண்டு பக்கமும் என்ன செய்தாய் என்று மட்டும் கேளுங்கள்.