கால் பங்கு மாதிரிகளை (கணத்துக்குக் கணம் அளந்த மின்னழுத்த எண்களை) மட்டும் வைத்து இசிஜி அலையை முழுதாக மீட்க முடியுமா? இறுதியாண்டு புராஜெக்டுக்கு எடுக்கலாமா?

முடியும் என்றுதான் முதலில் தோன்றும். எடுக்கலாம். எம்ஐடி-பிஐஹெச் தரவை (ஆய்வுக்காகத் தொகுத்து வைத்த இசிஜி பதிவுகள்) இறக்கி, அதில் ரெக்கார்டு 100-ஐ மட்டும் ஓட்டிப் பார்த்து, "அட, அப்படியே வருதே" என்று இப்போது பூரித்துப் போயிருப்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டரும் இல்லை, முனைவரும் இல்லை. ஊர் தருமபுரி, படித்தது கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கல்லூரியில் ஈசிஇ, இப்போது ஓசூரில் போர்டு டெஸ்டிங். "டீப் லேர்னிங் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு" என்று கேட்க வருபவர்களும் கடைசி வரை படித்துவிட்டுக் கேளுங்கள்.

அந்தத் தரவில் நொடிக்கு 360 மாதிரிகள். நான் 512 மாதிரிகளை ஒரு துண்டாக, அதாவது சுமார் 1.4 நொடியாக வெட்டி, அதில் குருட்டாம்போக்கில் 128-ஐ மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எறிந்தேன். இசிஜியை வேவ்லெட்டில், அதாவது குட்டிக் குட்டி அலைத் துண்டுகளின் கூட்டலாக எழுதினால், பெரும்பாலான குணகங்கள் (எந்தத் துண்டு எவ்வளவு என்ற எண்கள்) கிட்டத்தட்ட பூஜ்யம், பெரியவை கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தைத் தேடிப் பிடித்தால் அலை திரும்பக் கிடைக்கும். 2006 வாக்கில் கான்டெஸ், ரோம்பெர்க், தாவோ, டோனோஹோ ஆகியோர் நிறுவிய, கம்ப்ரஸ்டு சென்சிங் என்ற கணக்கு இதுதான். மீட்ட அலைக்கும் அசலுக்கும் உள்ள வித்தியாசத்தை அசலின் அளவால் வகுத்தால் வருவது பிழை. எனக்கு அது 0.7 சதவீதம் வந்தது. 9-க்குக் கீழே இருந்தாலே நல்லது என்பார்கள். பிராஜெக்ட் ரிப்போர்ட் அட்டையிலேயே அந்த எண்ணைப் போடலாமா என்று யோசித்தவன் நான்.

வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வரைபடத்தைக் கூடப் பார்க்கவில்லை. "ஏம்பா, 1024-ஐக் கழிச்சியா?" என்றார்.

கழிக்கவில்லை. அந்தக் கோப்பில் பூஜ்ய மின்னழுத்தம் 1024 என்ற எண்ணாகப் பதிவாகியிருக்கும். பிழையை வகுக்கும் இடத்தில் அந்தப் பெரிய எண் உட்கார்ந்துகொண்டால் எந்தக் குப்பையும் தங்கமாகத் தெரியும். சராசரியைக் கழித்து அங்கேயே ஓட்டச் சொன்னார். 0.7 போய் 17 வந்தது. கூட இருந்த நண்பன் ஜன்னல் வழியே மாமரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

அப்புறம்தான் படத்தைப் பெரிதாக்கினோம். சில துடிப்புகளில் ஆர் உச்சி, அதாவது துடிப்பில் உயரமாக நிற்கும் கூர்முனை, மொட்டையாக இருந்தது. காரணம் எளிது. கூர்மையான அந்த உச்சி சில பத்து மில்லிநொடிதான். குருட்டாம்போக்கில் எறியும்போது பத்து மாதிரிகள் தொடர்ந்து காணாமல் போவது சகஜம், அதுவே 28 மில்லிநொடி. உச்சி அந்த ஓட்டையில் விழுந்தால் எந்த அல்காரிதமும் அதைக் கண்டுபிடிக்காது, தனக்குத் தோன்றியதை வரையும். டீப் லேர்னிங் இன்னும் அழகாக வரையும், அதுதான் என் பயம்.

மாதிரிகளை எறியாமல், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிலவற்றைக் கூட்டி ஒரே எண்ணாக்கி, அப்படி 128 எண்களை எடுத்தபோது நிலைமை நன்றாகவே மாறியது. உச்சி ஏதாவது ஒரு கூட்டலில் மாட்டிக்கொள்ளும். ஆனால் இதில் சென்சார் நொடிக்கு 360 முறை அளந்தாக வேண்டும். குறைவது அனுப்பும் சுமையும் பேட்டரிச் செலவும்தான். ஏற்கனவே சீரான இடைவெளியில், நொடிக்கு 50 முறை மட்டும் பதிவான பழைய கோப்பு உங்களிடம் இருந்தால் இது உதவாது. 25 ஹெர்ட்ஸுக்கு மேலே இருந்தது ஒன்று தொலைந்திருக்கும், இல்லை மடிந்து கீழ் அதிர்வெண்களோடு கலந்திருக்கும்.

     

ரெக்கார்டு 100 சுலபமானது. அதன் இரண்டாயிரத்துச் சொச்சம் துடிப்புகளில், இதயத்தின் கீழறையிலிருந்து முந்தி வரும் ஒழுங்கு தவறிய துடிப்பு ஒன்றே ஒன்று. ரெக்கார்டு 208-ல் அது ஆயிரத்தை நெருங்கும். நீங்கள் 208-ஐ ஓட்டுங்கள், 1024-ஐக் கழித்துவிட்டு. என்ன எண் வந்தாலும் அதையே ரிப்போர்ட்டில் போடுங்கள். எனக்கு 17-க்கும் பாஸ் மார்க் போட்டார் அந்தத் தேர்வாளர்.