ஆறு உம்மையும் ஓர் ‘அறிதும்’ உம்

கேள்வி: சங்கப் பாடல்களின் சொற்களைக் கணினியில் எண்ணி, அட்டவணைகளோடு ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். “ரசனை ஆளுக்கு ஆள் மாறும், எண் மாறாது. இனி இலக்கிய ஆய்வுக்கு எண்ணே போதும்” என்கிறார் உடன் படிக்கும் நண்பர். உங்கள் கருத்து என்ன?
– முதுகலை மாணவி ஒருவர், திருச்சி

பதில்: போதாது. அதற்காக எண்ணுவதை விட்டுவிடவும் வேண்டாம். எண்ணுவது இலக்கியத்துக்கு ஆகாது என்று முகம் சுளிப்பவர்களிடம், நம் தொகை நூல்களே எண்ணித் தொகுத்தவைதாம் என்று சொல்லுங்கள். நான்கு முதல் எட்டு அடி வரை குறுந்தொகை, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நற்றிணை, பதின்மூன்று முதல் முப்பத்தொன்று வரை அகநானூறு. குறுந்தொகையின் 307, 391ஆம் பாடல்கள் மட்டும் ஒன்பது அடி கொண்டவை என்பதும் அடியை எண்ணியதால் தெரிந்ததே.

எண்ணின் வலிமைக்கு அமெரிக்காவில் நல்ல சான்று உண்டு. அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து 1787–88இல் புனைபெயரில் வந்த ‘ஃபெடரலிஸ்ட்’ கட்டுரைகளில் பன்னிரண்டை எழுதியவர், அந்நாட்டுத் தலைவர்களான ஹாமில்டனா மேடிசனா என்ற வழக்கு நெடுங்காலம் தீராமல் கிடந்தது. மாஸ்டெல்லர், வாலஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1964இல் வெளியிட்ட நூலில் ‘அப்பான்’ (upon) போன்ற சின்னஞ்சிறு சொற்களை எண்ணிக் காட்டினார்கள். ஹாமில்டன் அந்தச் சொல்லைத் தாராளமாகப் புழங்குவார், மேடிசனிடம் அது அரிது. பன்னிரண்டும் மேடிசனுடையவை என்பது அவர்கள் முடிவு. எழுதுபவரின் கவனத்துக்கே தப்பிவிடும் பழக்கம் எண்ணில் சிக்கிக்கொண்டது.

அங்கே இரண்டே பேர். இருவரும் பக்கம் பக்கமாக எழுதிய உரைநடையும் கையில் இருந்தது. நம்மிடம் இருப்பதைப் பாருங்கள். குறுந்தொகை 40, ‘யாயும் ஞாயும்’. ஐந்தே அடி, பத்தொன்பது சீர். இதைப் பாடியவருக்குச் செம்புலப் பெயனீரார் என்ற பெயரே, ‘செம்புலப் பெயனீர்’ (செம்மண்ணில் பெய்த மழைநீர்) என்ற அவருடைய உவமையிலிருந்து வந்தது. இயற்பெயர் தெரியாதவருக்கு நடை அளவெடுக்க எதை வைத்துக்கொள்வது? சங்கப் புலவர்கள் 473 பேர் என்று எல்லோரும் எழுதுகிறோம். அவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்றால் அறிஞருக்கு அறிஞர் எண் மாறுகிறது. நண்பர் மாறாது என்று சொன்ன எண்தான் இது.

இனி அதே பாடலை எண்ணுவோம். பதிப்புகளில் சீர் பிரித்து ‘யாரா கியரோ’ என்று அச்சிட்டிருக்கும். கணினி ‘கியரோ’வை ஒரு சொல்லாக எண்ணிக்கொள்ளும். ‘பெயனீர்’ என்பதற்குள் இருக்கும் நீர் அதற்குத் தெரியாது. சந்தி பிரித்துக் கொடுத்தால் தெரியும். பிரிப்பது யார்? படித்த ஒருவர். எண் பிறப்பதற்கு முன்பே ஒருவருடைய வாசிப்பு அதற்குள் புகுந்துவிட்டது.

பிரித்தாயிற்று என்றே வையுங்கள். ‘உம்’ என்று முடியும் சொற்களைக் கேட்டால் ஏழு வரும். யாயும், ஞாயும், எந்தையும், நுந்தையும், யானும், நீயும், அறிதும். கடைசியில் உள்ளது, சொற்களை இணைக்கும் உம்மை அல்ல. ‘அறிவோம்’ என்று பொருள்படும் தன்மைப் பன்மை வினைமுற்று. அதைக் கழித்தால் ஆறு உம்மை. ஆறும் முதல் மூன்று அடிகளில் வருகின்றன. நான்காம் அடியிலிருந்து ஒன்றுகூட இல்லை. தாயர் இருவர், தந்தையர் இருவர், பிறகு நானும் நீயும் என இரண்டிரண்டாக அருகருகே நின்றவர்கள், செம்மண்ணில் மழைநீர் விழுந்ததும் கலந்துவிடுகிறார்கள். பிரித்து அடுக்கிக்காட்டிய உம்மைக்கு அதற்குப் பிறகு அங்கே வேலை இல்லை. எத்தனையோ முறை படித்த பாட்டில் இது எனக்குப் புலப்பட்டது எண்ணிப் பார்த்த அன்றுதான். எண்ணுக்கு நான் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் ஆறு என்ற எண் அந்தக் கலப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பாட்டுக்குத் திரும்பிப் போனபோதுதான் அது தெரிந்தது.

அகப்பாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. தலைவன், தலைவி பெயரைச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு. பெயரைப் பிடித்துப் பாத்திரங்களை எண்ணும் முறை நாவலுக்கு உதவும். இங்கே, யாரைப் பற்றிய பாட்டோ அவர் பெயரே வராது. சொல்லாமல் விட்டதற்கு உங்கள் அட்டவணையில் கட்டம் இல்லை.

ஆய்வேட்டைத் தொடருங்கள். ஒவ்வோர் எண்ணுக்கு எதிரிலும் அது வந்த பாடல்களின் எண்களையும் எழுதி, அந்தப் பாடல்களை வாய்விட்டுப் படியுங்கள். முதலில் 40ஆம் பாடலை எடுத்து, உங்கள் கணக்கில் ‘அறிதும்’ எந்த வரிசையில் விழுந்திருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.